தூரத்து அழுகுரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டுமென்று செயலாளர் என்னிடம் வந்தபோது, சமயத் தொடர்பான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், இது சமயமா அரசியலா என்று சிலர் ஐயுறக்கூடும். தூர தேசத்துப் போர்களைப் பற்றிய செய்தி நாள்தோறும் நம் வீட்டுக்குள் வருகின்றது. அதைக் கேட்டு ஒருவர் அழுகிறார், ஒருவர் கோபிக்கிறார், ஒருவர் எழுந்து போய்விடுகிறார், பெரும்பாலோர் களைத்துப் போகிறோம். இந்தக் களைப்பு எங்கிருந்து வருகின்றது? இதற்கு மருந்து உண்டா? இதுவே இன்று நான் பேசப்போகும் பொருள். இரக்கத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் சமயப் பேச்சே என்பது என் துணிபு. ஆதலால் செயலாளர் என்னை மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

தூரத்துப் போர்ச் செய்தியை இருந்த இடத்திலிருந்து கேட்டவன் என்றவுடன் நமக்கு நினைவு வருபவன் திருதராட்டிரன். போரைக் காண்பதற்குக் கண்பார்வை தருகிறேன் என்றார் வியாச முனிவர். சுற்றத்தார் ஒருவரையொருவர் கொல்வதைக் காண விரும்பவில்லை, கேட்டால் போதும் என்றான் அரசன். முனிவர் அந்தப் பார்வையைச் சஞ்சயனுக்கு அளித்தார். சஞ்சயன் சொன்னான், அரசன் அரண்மனையிலிருந்து கேட்டான். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு சஞ்சயன் இருக்கிறான். அவன் ஒரு குருக்ஷேத்திரத்தை மட்டும் சொல்வதில்லை. பத்துக் குருக்ஷேத்திரங்களை ஒரே நேரத்தில் சொல்கிறான்.

அரசனுடைய முதற் கேள்வியிலேயே தன்னவர் என்றும் பாண்டுவினுடையவர் என்றும் ஒரு பிரிவு தோன்றிவிடுகின்றது. அவன் கல்நெஞ்சன் அல்லன். செய்தி கேட்டுப் பலமுறை மூர்ச்சித்தான். ஆயினும் கேட்டதும் அழுததும் தவிர அவன் செய்தது ஒன்றுமில்லை. அதே போரின்போது பலராமர் எந்தப் பக்கமும் சேர மனமின்றித் தீர்த்த யாத்திரை போய்விட்டார். செய்தி ஒன்றாயிருக்கக் கேட்போர் நிலை பலவாயிருப்பது புதிய காரியமன்று.

இனி நம்முடைய வாசிகசாலைக்கு வருவோம். 2025 ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு மாலைநேரம். நாலைந்து இளைஞரும் இரண்டு மூன்று பெரியவர்களும் இருந்தோம். சூடான் நாட்டில் எல் பாஷர் என்னும் நகரம் வீழ்ந்த செய்தியை ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியில் உரக்கப் போட்டுக் காட்டினார். ஒரு பெரியவர், "உதை நிப்பாட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு, விரித்த பத்திரிகையை மடித்து வைத்து எழுந்து போய்விட்டார். இன்னொருவர், "அந்த நாடுகளிலை எப்பவும் சண்டைதானே" என்றார். மூன்றாமவர் ஓர் இளைஞர், கெட்டிக்காரப் பிள்ளை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்களுக்காக ஆர் அழுதவை, மாஸ்ரர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போயும் அது என்னை விடவில்லை. இன்றைய பேச்சு அவருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த விடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தத் தம்பி காட்டிய செய்தி என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும். அறியாத ஒன்றுக்கு இரங்குதல் எவர்க்கும் இயலாது.

சூடானின் மேற்கே உள்ள பெருநிலம் டார்பூர். நம் இலங்கையைப் போல் ஏழு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. 2003 ஆம் ஆண்டில் அங்கே கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அரசாங்கம் ஜன்ஜவீட் எனப்பட்ட குதிரைப்படைக் கும்பல்களை ஏவிவிட்டது. ஊர்கள் எரிந்தன. 2004 செப்ரெம்பரில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் அதனை இனப்படுகொலை என்றார். உலகம் விழித்தது. 2006 ஏப்பிரலில் டார்பூருக்காக வாஷிங்டன் நகரில் ஆயிரமாயிரம் பேர் கூடினார்கள். மாணவர்கள் உண்டியல் குலுக்கினார்கள். நடிகர்கள் மேடையேறினார்கள்.

பின்பு காலம் ஓடியது. அந்தப் பழைய கும்பல்களிலிருந்தே 2013 இல் 'விரைவு ஆதரவுப் படை' என்று ஒரு படை அமைக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 15 ஆந் தேதி அந்தப் படைக்கும் நாட்டின் இராணுவத்துக்கும் போர் மூண்டது. இரு பக்கத்தாலும் பொதுமக்கள் மாண்டார்கள். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 2024 ஓகஸ்டில், டார்பூரிலுள்ள சம்சம் அகதி முகாமில் பஞ்சம் நிலவுவதாக நிபுணர் குழு உறுதி செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் மீண்டும் அதே 'இனப்படுகொலை' என்னும் சொல்லைச் சொன்னார்.

மண் அதே மண். சொல்லும் அதே சொல். ஆனால் இம்முறை வாஷிங்டன் நகரில் முன்போல் கூட்டம் கூடவில்லை.

எல் பாஷர் நகரம் 2024 மே மாதம் முதல் முற்றுகையிடப்பட்டது. முற்றுகையை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2024 யூனில் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் தாளில் இருந்தது; முற்றுகை ஐந்நூறு நாளுக்கு மேல் நடந்தது. உணவு அற்றுப்போக மக்கள் 'அம்பாஸ்' என்பதைத் தின்றார்கள். அம்பாஸ் என்பது என்ன தெரியுமா? நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கை. நம்முடைய பேச்சிற் சொன்னால், கச்சான் பிண்ணாக்கு. நாம் மாட்டுக்கு வைப்பதை அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 2025 ஒக்டோபர் 26 ஆந் தேதி நகரம் வீழ்ந்தது. அங்கிருந்த மகப்பேற்று மருத்துவமனையில் நோயாளரும் அவர்களோடு நின்றவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக வந்த செய்தியை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. வாசிகசாலையில் அந்தத் தம்பி உரக்கப் போட்ட செய்தி இதுதான்.

இத்துணைப் பெரிய துன்பத்தைக் கேட்டும் உலகம் ஏன் அசையவில்லை? காரணம் பல.

முதலாவது, தொகை. ஒரு பிள்ளையின் துன்பம் நம் நெஞ்சிற் பாய்கின்றது. ஒரு கோடி என்பது எண்ணாக நின்றுவிடுகின்றது. 2015 செப்ரெம்பர் 2 ஆந் தேதி, சிரியப் போருக்குத் தப்பிக் கடலில் வந்த ஒரு சிறு பாலகனின் உடல் துருக்கிக் கரையில் ஒதுங்கியது. அந்தப் படத்தைக் கண்டவர் எல்லோரும் கலங்கினர். சுவீடன் தேசத்துச் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காகத் திரட்டிய நிதிக்கு அடுத்த ஒரே வாரத்தில் ஐம்பது மடங்குக்கு மேல் பணம் வந்தது. ஆனால் ஏறத்தாழ ஆறு வாரத்தில் அந்த வேகம் தணிந்துவிட்டது. அந்தப் பாலகன் இறப்பதற்கு முன்பே அந்தப் போரில் இலட்சக்கணக்கானோர் இறந்துவிட்டனர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம், தகவலைச் சரிபார்க்க வழியில்லை என்று 2014 ஜனவரியில் இறந்தோரை எண்ணுவதையே நிறுத்தியிருந்தது.

இரண்டாவது, உறவு. உக்ரேனில் 2022 இல் போர் மூண்டபோது ஐரோப்பிய நாடுகள் தங்கள் கதவுகளை அகலத் திறந்தன. அது நல்ல காரியம். ஆனால் அதே காலத்தில் எதியோப்பியாவின் திக்ரேப் பகுதியிலும் மக்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். கறுப்பு உயிருக்கும் வெள்ளை உயிருக்கும் உலகம் சமமான கவனம் செலுத்துகின்றதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், தாமே அந்நாட்டவர், 2022 ஏப்பிரலில் வெளிப்படையாகக் கேட்டார். பிறரை மட்டும் குறைகூற வேண்டாம். காசாவைப் பற்றி வாய் ஓயாது பேசுவோரும் நம்மிடையே உளர். உக்ரேனைப் பற்றி மட்டும் பேசுவோரும் உளர். யார் நம்முடைய கட்சி என்று பார்த்தே கண்ணீரை அளந்து விடுகிறோம். திருதராட்டிரன் நம் எல்லோருக்குள்ளும் சிறிது இருக்கிறான்.

மூன்றாவது, கையாலாகாத்தன்மை. இதுவே முக்கியமானது என்பது என் எண்ணம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் ஆண்டுதோறும் பல நாட்டு மக்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. செய்தியை வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னோர் 2017 இல் நூற்றுக்கு 29 பேர். 2025 இல் நூற்றுக்கு 40 பேர். செய்தி மனத்தை வாட்டுகின்றது, அளவுக்கு மிஞ்சி வருகின்றது, தெரிந்துகொண்டும் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பன அவர்கள் சொன்ன காரணங்களுட் சில.

இந்நிலையை ஆங்கிலத்தில் 'இரக்கக் களைப்பு' என்று பொருள்படும் ஒரு தொடரால் குறிக்கிறார்கள். அத்தொடர் 1992 இல் ஒரு தாதியர் சஞ்சிகையில் எடுத்தாளப்பட்டபோது, நோயாளருக்குப் பணிசெய்து செய்து உள்ளம் சோர்ந்த தாதியரையே குறித்தது. இளைஞர்களே! தாதி புண்ணைக் கழுவிக் களைத்தாள். நாம் புண்ணைப் பார்த்தே களைத்துவிட்டோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது தகுமா? அவளுக்கு வேண்டியது ஓய்வு. நமக்கு வேண்டியது வேலை. இரக்கம் செயலாக மாறாவிட்டால் வாடிவிடும் என்று சூசன் சொன்டாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், போர்ப் படங்களைப் பற்றி 2003 இல் வெளியிட்ட நூலில் எச்சரித்தார். நீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோவதை அறிந்த கமக்காரருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. எங்களுக்காக யார் அழுதார்கள்?

கேள்வி நியாயமானது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் வெளிநாட்டு ஊழியர் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று வாயிலில் நின்று மன்றாடியவர்கள் நம்மவர்கள். அவர்கள் போனார்கள். 2009 மே வரையில் வன்னியில் நடந்ததைச் சுதந்திரமாகச் சென்று எழுத வெளியுலகப் பத்திரிகையாளருக்கு இடமிருக்கவில்லை. தங்கள் கடமையில் தவறினோம் என்று காட்டும் உள்ளக ஆய்வறிக்கையை அந்த நிறுவனமே 2012 நவம்பரில் வெளியிட்டது. அப்பொழுதும், தூரத்திலே ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வாசிகசாலையில், "அந்தத் தீவிலை எப்பவும் சண்டைதானே" என்று தங்கள் மொழியில் ஒருவர் சொல்லியிருப்பார். சொன்னவர் கெட்டவர் அல்லர். களைத்தவர்.

ஆனால் அந்தத் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். 2009 பெப்ருவரி முதல் மே வரை அந்தக் கரைக்கு ஒரு கப்பல் வந்தது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கொடி பறந்த கப்பல். காயப்பட்டோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போருமாக 13,000 க்கு மேற்பட்டோர் கடல்வழியே வெளியே கொண்டுவரப்பட்டனர். இக்கூட்டத்தில் இருப்போரின் உறவினருள்ளும் அவ்வாறு உயிர் தப்பியவர் உண்டு. அந்தப் பணிக்கு வேண்டிய பணம் நமது பெயரையும் அறியாத தூர தேசத்தவரின் வரிப்பணமும் நன்கொடையுமேயாகும். அவர்கள் நமக்காக அழுதார்களோ இல்லையோ, கப்பல் வந்தது.

அது எப்படி வந்தது? 1859 யூன் 24 ஆந் தேதி இத்தாலியில் சொல்பெரினோ என்னுமிடத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. சொந்த அலுவலாக அப்பக்கம் வந்த ஹென்றி டுனாந்த் என்னும் சுவிஸ் வியாபாரி, ஆயிரக்கணக்கான காயக்காரர் கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டார். அவருடைய நாட்டுப் போர் அன்று அது. அங்குள்ள பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பாராமல் தண்ணீர் கொடுத்தார், புண்ணைக் கட்டினார். 1862 இல் அதைப் புத்தகமாக எழுதினார். 1863 இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. அவர் உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் அது அவரோடு போயிருக்கும். அது செயலாகிப் பின் ஒரு முறையாக அமைந்ததனால், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து நம் கரைக்கும் வந்தது.

இது வெளிநாட்டவர்க்கு மட்டும் உரிய பண்பு என்று எண்ணிவிடாதீர்கள். சேரமான் உதியஞ்சேரலாதன் பாரதப் போரில் இரு படைக்கும் பெருஞ்சோறு அளித்தான் என்பது புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் வரும் செய்தி. அது வரலாறா, குலப்புகழா என்று அறிஞர் வாதிடுவர். வாதிடட்டும். வட தேசத்துப் போரைக் கேள்வியுற்ற ஒரு தமிழ் மன்னனுக்குப் புலவர் சூட்டிய புகழ் எது என்பதே நமக்கு முக்கியம். எந்தப் பக்கம் வென்றது என்று அவன் ஆரவாரித்ததாகப் பாடவில்லை. உலை வைத்தான் என்று பாடினார்.

இன்று சூடானில் உலை வைப்போர் யார்? அந்நாட்டு இளைஞர்களே. ஊருக்கு ஊர் 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் உங்கள் வயதுப் பிள்ளைகள் கூடி, பொதுச் சமையற்கூடங்கள் நடத்துகிறார்கள். ஒரு வேளைக் கஞ்சியாவது அயலவர்க்குக் கிடைக்கட்டும் என்பது அவர்கள் விரதம். இதற்காகச் சிறைப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் உளர். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவிப்பணம் நிறுத்தப்பட்டபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. எஞ்சியவற்றை விடாது நடத்தினார்கள். 2025 இல் நோர்வே நாட்டு ராஃப்டோ பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆகவே, 'செய்யத்தக்கது ஒன்றுமில்லை' என்பது உண்மையாகாது. போரின் நடுவில் இருப்பவர்களே செய்கிறார்கள்.

அன்று எழுந்து போன பெரியவரைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்களோ அறியேன். அந்த இளைஞர்கள் அவரைக் கல்மனத்தர் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "பிண்ணாக்குத் திண்டதெண்டு சொன்னவன் மாஸ்ரர். என்னாலை அதுக்கு மேலை இருக்கேலாமற் போச்சு" என்றார். 2009 இல் அவர் எங்கே இருந்தவர், என்ன இழந்தவர் என்பதை நான் அறிவேன். இங்கே சொல்ல மாட்டேன். நான் புறப்படும்போது படலை வரையில் வந்தார். "எனக்குப் படம் காட்டாதேயுங்கோ. ஆனால் அரிசி தேவையெண்டால் சொல்லுங்கோ" என்றார்.

இளைஞர்களே! செய்தியை ஓயாது பகிர்ந்தவர்களுள் எவரும் அன்று அரிசியைப் பற்றிப் பேசவில்லை. திரும்பிக்கொண்டவரே பேசினார். ஒருவர் முகத்தைத் திருப்பியதைக் கொண்டு அவர் உள்ளத்தை அளந்துவிடாதீர்கள். பெரியோர்களே! உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கோபத்தோடு படங்களைக் காட்டும்போது, 'எல்லாம் அனுபவித்துவிட்டோம், நீ சும்மா இரு' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அந்தக் கோபம் இளமையின் இரக்கம். அதற்கு ஒரு வேலை கொடுங்கள்.

என்ன வேலை? நான் ஒரு சிறிய யோசனை சொல்லி முடிக்கிறேன். எல்லாப் போருக்கும் ஒருங்கே இரங்க எவராலும் முடியாது. இச்சங்கம் ஓராண்டுக்கு ஓரிடத்தைத் தெரிந்துகொள்ளட்டும். சூடானே முதலாவதாக இருக்கலாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டுப் பிரார்த்தனை முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓர் உறுப்பினர் அந்த மாதத்துச் செய்தியை நன்கு ஆராய்ந்து, பொய்ப் படங்களை நீக்கி, அமைதியாகச் சொல்லட்டும். இரத்தப் படம் வேண்டாம். அங்குள்ள ஊர்ப்பெயரும் மக்கள் உண்பதும் உடுப்பதும் தெரிந்தாற் போதும். முன்னோர் கண்ட பிடியரிசி முறையை நீங்கள் அறிவீர்கள். உலையிலிட அரிசி அளக்கும்போது ஒரு பிடி புறம்பாக வையுங்கள். மாத முடிவில் அதை விற்ற பணத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நம்பத்தக்க நிறுவனத்தின் மூலம் அனுப்புங்கள்.

அதனால் அந்தப் போர் நின்றுவிடுமா? நிற்காது. அனுப்பும் பணமும் கடலிற் கரைத்த பெருங்காயம் போலத் தோன்றலாம். ஆனால் அங்கே ஒரு கிடாரத்துக்கு ஒரு நாளைக்கு விறகாகும். இங்கே நம் நெஞ்சிலுள்ள வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில் நாம் ஒரு சிரட்டையில் உப்புக் கஞ்சி வாங்கிக் குடிக்கிறோம். கண்கலங்காமற் குடிப்பவர் இல்லை. அந்தக் கஞ்சி நம் துக்கத்தை நினைப்பூட்டுவதோடு நின்றுவிடலாகாது. பசித்திருக்கும் இன்னொருவனுக்கு நாம் பட்ட கடனையும் நினைப்பூட்ட வேண்டும்.

"எங்களுக்காக ஆர் அழுதவை?" என்று கேட்ட தம்பி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தம்பி, அந்தக் கணக்கை என்னால் முழுவதும் தீர்க்க முடியாது. ஆனால் நாளை எல் பாஷர் நகரத்துப் பிள்ளையொன்று வளர்ந்து இதே கேள்வியைக் கேட்கும்போது, பெயர் தெரியாத ஒரு தீவிலிருந்து ஒரு பிடி அரிசி வந்தது என்று யாரேனும் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

திருவருள் துணை நிற்பதாக.